எழுத்தைப் பிரித்துப் போடுவது யார்? லிஸ்ப்பில் சி.எஃப்.எஃப்.ஐ., நான்கு வருடப் பாவனைக்குப் பிறகு

இறந்தவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் மருமகனின் பெயர் வந்திருந்தது. அந்த மருமகன் அன்று பின்னேரம்தான் எங்கள் கடைக்கு வந்து, பெயர்ப் பட்டியல் எழுதிய தாளைத் தந்து, அட்வான்ஸ் கட்டிவிட்டுப் போனவர்.

"என்ன புள்ள இது? இந்த மனிசன் பின்னேரம் இந்தக் கதிரையிலதானே இருந்தவர்?" என்று புரூஃப் தாளை என் மேசையில் போட்டார் மாமா.

தாளைப் பார்த்தேன். மனைவியின் இடத்திலும் மருமகன். இரண்டு மகன்மாரின் இடத்திலும் மருமகன். நீளமான பெயர்கள் சில மட்டும் மாறாமல் இருந்தன. ஆனால் ஒரு பெயரும் முழுசாக இல்லை: எல்லாவற்றிலும் முதல் ஐந்தாறு குறிகள் சிதைந்து கட்டமும் கேள்விக்குறியுமாகி, வால் மட்டும் சரியாக இருந்தது. ஒரு குடும்பமே மருமகனாகிவிட்ட மரண அறிவித்தல். நல்ல காலம், புரூஃபோடு நின்றது.

எங்களுடையது மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சின்ன அச்சகம். கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், டியூட்டரிப் போஸ்டர், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு (இறந்தவரின் நினைவுப் புத்தகம்) என்று வருவதெல்லாம் அடிப்போம். மாமா என்கிறவர் சொந்தக்காரர் இல்லை. அப்பாவின் காலத்தில் கம்போசிட்டராக வந்து சேர்ந்தவர். ஈய எழுத்துப் போய் ஒப்செட் வந்தது, ஒப்செட்டில் பாதி போய் டிஜிட்டல் வந்தது, அவர் இப்போது கட்டிங் மெஷினில் நிற்கிறார். அடித்த தாளை வாசிக்காமல் வெட்டமாட்டார். எங்கள் கடையின் கடைசிப் பாதுகாப்பு அவர்தான்.

மரண அறிவித்தல்தான் எங்களுக்கு அவசர வேலை. பின்னேரம் தாளோடு வருவார்கள், விடியமுன் சந்திக்குச் சந்தி ஒட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கைகால் உதற டிசைன் செய்வதைவிட, பெயர்களைத் தட்டினால் பக்கம் தானாக நிரம்பி அச்சுக்குப் போகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். எழுதியது கொமன் லிஸ்ப் என்ற புரோகிராம் மொழியில். ஏன் லிஸ்ப் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: எனக்கு அது பிடிக்கும். ஆனால் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோர்க்க ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி (வேறு ஆட்கள் எழுதிவைத்த தயார்க் கோட்) வேண்டும், படத்துக்கு இன்னொரு லைப்ரரி வேண்டும், பிரிண்டருக்கு அதைச் செய்த கம்பனியே தந்த லைப்ரரி வேண்டும். மூன்றும் சி என்ற வேறு மொழியில் உள்ளவை. அங்கேதான் சி.எஃப்.எஃப்.ஐ. வருகிறது, அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

சி.எஃப்.எஃப்.ஐ. என்றால் லிஸ்ப்பிலிருந்து சி ஃபங்ஷன்களைக் கூப்பிட உதவும் லைப்ரரி. இலவசம், கட்டுப்பாடு குறைந்த உரிமம், லிஸ்ப் பொதிகளை இறக்கித் தருகிற குவிக்லிஸ்ப்பில் ஒரு வரி அடித்தால் இறங்கிவிடும். லிஸ்ப் 1958இல் பிறந்தது, சி 1972இல். கொமன் லிஸ்ப்புக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் 1994இல் வந்தபோது சி பற்றி அதில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதனால் கொமன் லிஸ்ப்பை ஓட்டித் தருகிற வெவ்வேறு செயலாக்கங்களில் எஸ்.பி.சி.எல்.லுக்கு ஒரு முறை, சி.சி.எல்.லுக்கு ஒரு முறை, இ.சி.எல்.லுக்கு இன்னொரு முறை என்று ஆளாளுக்கு ஒரு வழி வைத்துக்கொண்டார்கள். அத்தனைக்கும் மேலே ஒரே உறையைப் போட்டது சி.எஃப்.எஃப்.ஐ. 2005இல் ஜேம்ஸ் பீல்மன் தொடங்கினார், லூயிஸ் ஒலிவெய்ரா வளர்த்தெடுத்தார். இன்றைக்கு லிஸ்ப்பில் வெளி லைப்ரரியைத் தொடுகிற பொதிகளில் மிகப் பெரும்பாலானவை இதன்மேல்தான் நிற்கின்றன. இந்த இடத்தில் பாலம் என்று உவமை சொல்ல வாய் வருகிறது. பாலத்துக்குப் பேர்போன கல்லடியில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விடுவது கஷ்டம்தான். ஆனால் பாலத்தில் போகிறவர் தன் சாமானைத் தானே கொண்டுபோவார். இங்கே சாமான் யாருடையது என்பதுதான் முழுப் பிரச்சினையும்.

முதல் பார்வைக்கு மயக்கிவிடுகிற பொருள் இது. டெஃப்-சி-ஃபன் என்று தொடங்கி, சி ஃபங்ஷனின் பெயர், அது திருப்பித் தருகிற வகை, அது வாங்குகிற வகைகள் ஆகியவற்றை எழுதினால் போதும். மறுகணம் அது லிஸ்ப் ஃபங்ஷன் ஆகிவிடுகிறது. கம்பைல் செய்ய வேண்டியதில்லை, இடையில் ஒட்டுக் கோட் எழுத வேண்டியதில்லை. சி-யின் கணித லைப்ரரியிலிருந்து ஒரு ஃபங்ஷனை எடுத்து லிஸ்ப் வரியில் அடித்து விடை வந்தபோது எனக்கு வந்த சந்தோஷம், முதன்முதலாக ட்ரெடில் மெஷினை மிதிக்க அப்பா விட்டபோது வந்ததற்குக் கிட்டத்தட்டச் சமம். லைப்ரரிக் கோப்பின் பெயர் லினக்ஸில் ஒன்று, விண்டோஸில் ஒன்று, மக்கில் ஒன்று என்பதையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம், அது தானே தேர்ந்துகொள்ளும்.

எண்கள் மட்டும் போய்வரும்வரை எந்தக் கவலையும் இல்லை. ஸ்ட்ரிங் ஒன்றை, அதாவது எழுத்துத் தொடரை, அனுப்புகிற நிமிடத்தில்தான் கதை தொடங்குகிறது.

"மட்டக்களப்பு" என்ற சொல்லையே எடுங்கள். நாங்கள் எண்ணினால் எட்டு எழுத்து. யூனிகோடுக்கு அது பன்னிரண்டு குறி, புள்ளியும் உகரக் கொம்பும் தனித்தனிக் குறி என்பதால். யூ.டி.எஃப்.-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 36. ஸ்ட்ரிங் முடிந்தது என்று சி-க்குச் சொல்லக் கடைசியில் ஒரு பூச்சியம், ஆக 37. எஸ்.பி.சி.எல். தன் உள்ளே ஒரு குறிக்கு நான்கு பைட் வைத்து, வேறு வடிவத்தில் வைத்திருக்கிறது. அதனால் லிஸ்ப் ஸ்ட்ரிங்கை அப்படியே சி-யிடம் நீட்ட முடியாது. சி-யின் பக்கம் 37 பைட் இடம் எடுத்து, அங்கே பிரதி பண்ணி, அந்த விலாசத்தைக் கொடுக்க வேண்டும். அந்த இடம் லிஸ்ப்பின் கார்பேஜ் கலெக்டரின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. லிஸ்ப்பில் உருவாக்கியதை யாரும் தேடாதபோது கலெக்டர் வந்து அள்ளிக்கொண்டு போகும். சி-யின் பக்கம் எடுத்ததை எடுத்தவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதற்குச் சி.எஃப்.எஃப்.ஐ. தருகிற மிக நல்ல வசதி "வித்" என்று தொடங்குகிற மேக்ரோக்கள், அதாவது நமக்காகக் கோடை விரித்து எழுதித் தருகிற சுருக்கங்கள். வித்-ஃபொரின்-ஸ்ட்ரிங் என்று எழுதினால் உள்ளே போகும்போது இடம் எடுத்துப் பிரதி செய்யும், வெளியே வரும்போது இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். நடுவில் எர்ரர் வந்து தூக்கி எறிந்தாலும் கொடுத்துவிட்டுத்தான் போகும், ஏனென்றால் உள்ளே அன்வைண்ட்-புரொடெக்ட் இருக்கிறது. சி-யில் இந்தச் சுத்தம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபங்ஷனின் கடைசியிலும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இங்கே அடைப்புக்குறி மூடினால் கணக்கு முடிந்தது.

அந்தச் சுத்தம்தான் மருமகனைக் கொன்றது.

நடந்தது இது. பிரிண்டர் லைப்ரரியில் "இந்த இடத்தில் இந்த வரியை எழுது" என்று சொல்ல ஒரு ஃபங்ஷனும், "பக்கம் முடிந்தது" என்று சொல்ல இன்னொன்றும் இருந்தன. முதல் ஃபங்ஷன் என் எழுத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அது விலாசத்தை மட்டும் குறித்துக்கொண்டது. பக்கம் முடிந்தது என்று சொன்ன பிறகுதான் அந்த விலாசங்களுக்குப் போய் ஒவ்வொன்றாக வாசித்தது. ஆரம்பத்தில் நான் எழுதிய அவலட்சணமான கோடில் பக்கம் முடிக்கிற அழைப்பும் அடைப்புக்குறிக்கு உள்ளேயே கிடந்தது, அதனால் மாதக்கணக்கில் சரியாக ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடை அழகுபடுத்தப் போனேன். வரி எழுதுவதற்கு "எழுது" என்று ஒரு குட்டி ஃபங்ஷன், அதற்குள் வித்-ஃபொரின்-ஸ்ட்ரிங். பார்க்க அவ்வளவு நேர்த்தி. ஒவ்வொரு வரியும் அனுப்பப்பட்ட மறுகணமே அதன் இடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பிரிண்டர் வாசிக்கப் போனபோது அங்கே இருந்தவர் வேறு ஆள்.

ஏன் எல்லாரும் ஒரே மருமகனாக வந்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்க இரவு ஒரு மணியாகிவிட்டது. சி-யின் பக்கம் இடம் எடுத்துத் தருவது மலொக். 64 பிட் லினக்ஸில் அதனிடம் 25 முதல் 40 பைட்வரை எவ்வளவு கேட்டாலும் அது தருகிற துண்டு ஒரே அளவுதான். எட்டுக் குறியிலிருந்து பதின்மூன்று குறிவரையுள்ள எந்தத் தமிழ்ப் பெயரும் அந்த அளவுக்குள் அடங்கும். கடைசியாகத் திருப்பிக் கொடுத்த துண்டை அடுத்து அதே அளவு கேட்பவருக்கு முதலில் தூக்கிக் கொடுப்பது அதன் வழக்கம். இறந்தவரின் பெயருக்கு எடுத்த இடத்திலேயே மனைவி, அதே இடத்தில் மகன், அதே இடத்தில் மற்ற மகன், பட்டியலில் கடைசி ஆள் மருமகன். எல்லாருக்கும் ஒரே விலாசம். நீளமான பெயர்கள் வேறு அளவுத் துண்டில் இருந்ததால் அவற்றின் மேல் யாரும் ஏறவில்லை. ஆனால் திருப்பிக் கொடுத்த எந்தத் துண்டிலும் முதல் 16 பைட்டில் மலொக் தன் சொந்தக் குறிப்பை எழுதிக்கொள்ளும். பதினாறு பைட் என்றால் ஐந்து தமிழ்க் குறியும் ஆறாவதில் ஒரு துண்டும். புரூஃபில் சிதைந்திருந்தது சரியாக அவ்வளவுதான்.

இதை மாமாவுக்கு விளங்கப்படுத்தப் போனேன். மெமரி, விலாசம் என்று இழுத்துக்கொண்டிருக்க, அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அச்சடிச்சு முடியமுன்னம் எழுத்தைப் பிரிச்சுக் கேஸில போட்டிருக்காய். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். ஈய எழுத்துக் காலம் தெரியாதவர்களுக்கு: ஒரு பக்கம் கோர்த்து அடித்து முடிந்ததும் அதிலுள்ள எழுத்துகளைப் பிரித்து அததன் பெட்டிக்குள் திருப்பிப் போட வேண்டும். அடிக்கமுன் பிரித்தால் பாரத்தில், அதாவது கோர்த்துக் கட்டிய பக்கத்தில், ஓட்டை. பிரிக்காமலே விட்டாலும் வினைதான். "சில பேர் பிரிக்கிற பஞ்சியில பாரத்தைக் கட்டி அப்பிடியே மூலையில வைச்சிருவாங்க. மறுகா அடுத்த வேலைக்குக் 'க்' தேடினா கேஸில ஒண்டும் இராது" என்றார். எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்காமலே விடுகிற மெமரி லீக்குக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடத்திலும் கேட்டதில்லை. ஒரே எழுத்தை இரண்டு தடவை பிரித்துப் போடுவது மட்டும் ஈயத்தில் நடக்க முடியாத காரியம், சி-யில் நடக்கும். நடந்தால் லிஸ்ப் எர்ரராக வந்து "என்ன செய்யட்டும்" என்று கேட்காது. சி-யின் லைப்ரரி ஒரு வரி திட்டிவிட்டு முழு லிஸ்ப்பையும் சாத்திவிட்டுப் போய்விடும், திறந்திருந்த வேலை எல்லாம் போகும். லிஸ்ப்பிலேயே வாழ்கிறவர்களுக்கு இது பழக்கமில்லாத அடி.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. சி.எஃப்.எஃப்.ஐ.யின் கையேட்டில் பயிற்சிப் பகுதி முழுக்க லிப்கர்ல் என்ற லைப்ரரியை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது, அங்கே அலசப்படுவது இதே சிக்கல்தான். பழைய லிப்கர்ல் நாங்கள் கொடுக்கும் ஸ்ட்ரிங்கைப் பிரதி செய்யாமல் விலாசத்தை மட்டும் வைத்துக்கொள்ளும், ஆகவே வேலை முடியும்வரை அந்த இடத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். லிப்கர்ல் 7.17.0இலிருந்து தானே பிரதி செய்துகொள்வதால் "இது பழைய கதை" என்று அந்தப் பகுதியைத் தாண்டிப் போனவள் நான். கையேடு அருமையானது, வாசிக்கிறவருக்கு.

இப்போது என் கோடில் ஒவ்வொரு பக்கத்துக்கும் சொந்தமாக ஒரு மேக்ரோ உண்டு. அதற்குள் அனுப்பப்படும் ஒவ்வொரு வரிக்கும் ஃபொரின்-ஸ்ட்ரிங்-அலொக்கால் இடம் எடுத்து ஒரு பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன். பக்கம் முடிந்தது என்ற அழைப்பு திரும்பி வந்த பிறகுதான் பட்டியல் முழுதும் ஒரே அடியாகப் பிரிக்கப்படும், எர்ரர் வந்தாலும் பிரிக்கப்படும். மேக்ரோவின் பெயர் "வித்-பாரம்". மாமாவுக்குச் சொன்னேன், சிரித்தார்.

ஹார்ஃப்பஸ் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போக முடியாது. "கொ" என்ற எழுத்து கணினிக்குள் இரண்டு குறி, தாளில் மூன்று வடிவம்: கொம்பு, க, கால். இந்த இட மாற்றத்தையும் பிளப்பையும் செய்து தருவது அதுதான். சி.எஃப்.எஃப்.ஐ.யோடு சேர்ந்து நடக்க இதைப்போல ஒழுங்கான லைப்ரரி குறைவு. உருவாக்குகிற ஒவ்வொன்றுக்கும் அழிக்கிற ஃபங்ஷன் ஒன்று உண்டு, பெயரைப் பார்த்தாலே தெரியும். அப்படியிருந்தும் நான் அதிலும் ஒரு குழியில் விழுந்தேன். எழுத்துகளைக் கோர்த்து முடிந்ததும் வடிவங்களின் பட்டியலுக்கு ஒரு பொயின்டர், அதாவது விலாசம், தரும். அந்தப் பட்டியல், கோர்ப்பதற்கு எழுத்துகளைப் போட்டுக் கொடுத்த பஃபருக்குச் சொந்தம், இரவலாகப் பார்க்க மட்டும் தந்தது. நான் பஃபரை அழித்துவிட்டு அதற்குப் பிறகு பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தேன். வேலை செய்தது! மூன்று கிழமை. அழித்த இடத்தின் மேல் யாரும் எழுதாதவரை பழைய எண்கள் அங்கேயே கிடக்கும். பிறகு ஒரு நாள் திருவிழா நோட்டீஸ் ஒன்றில் கொம்பு மட்டும் பக்கத்துக்கு வெளியே பறந்தது. உடனே விழுந்திருந்தால் உடனே திருத்தியிருப்பேன். இப்போது ஒவ்வொரு உருப்படியிலும் எனக்குத் தேவையான எண்களை லிஸ்ப் வெக்டருக்குப் பிரதி எடுத்துவிட்டுத்தான் பஃபரைத் தொடுகிறேன். உருப்படி ஒன்று 20 பைட். பல எண்களைச் சேர்த்து அடுக்கிய இந்த மாதிரி உருப்படிக்குச் சி-யில் ஸ்ட்ரக்ட் என்று பெயர், அதை டெஃப்-சி-ஸ்ட்ரக்ட்டால் ஒருமுறை விவரித்தால் போதும், எந்தப் பைட்டில் எது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஸ்ட்ரக்டின் அமைப்பைக் கையால் எழுதப் பயமாக இருந்தால் சி.எஃப்.எஃப்.ஐ.யோடு க்ரொவலர் என்று ஒன்று வருகிறது. அது ஒரு குட்டிச் சி புரோகிராமைத் தானே எழுதி, கம்பைல் செய்து, ஓட்டி, அளவுகளையும் மாறிலிகளையும் சி கம்பைலரிடமே கேட்டுவரும். கம்பைலர் உள்ள மெஷின் வேண்டும் என்பதுதான் குறை. லோங் என்ற வகை 64 பிட் லினக்ஸில் எட்டு பைட், விண்டோஸில் நான்கு என்பதை நானாக எழுதி அனுபவித்துவிட்டு இதற்கு மாறினேன். ஸ்ட்ரக்டைப் பொயின்டராக இல்லாமல் முழுசாகவே கொடுக்கிற ஃபங்ஷன்களுக்கு லிப்எஃப்எஃப்ஐ என்ற இன்னொரு துணை வேண்டும். எனக்கு அதன் தேவை வரவில்லை.

இனி ஃபைனலைசர். இதில்தான் லிஸ்ப்காரர் பலர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். "கையால் பிரித்துப் போடுவது பழங்காலம், லிஸ்ப் ஒப்ஜெக்ட் ஒன்றுக்குள் பொயின்டரை வைத்து, அந்த ஒப்ஜெக்டைக் கலெக்டர் அள்ளும்போது சி பக்கத்து இடத்தையும் கொடுத்துவிடு என்று சொல்லிவைத்தால் முடிந்ததே" என்று தோன்றும். ட்ரிவியல்-கார்பேஜ் என்ற பொதி அதற்கென்றே இருக்கிறது. மார்கழியில் கலண்டர் வேலை வந்தபோது அதை நம்பினேன். ஏ4 பக்கம் ஒன்று 300 டி.பி.ஐ.யில் 2480க்கு 3508 புள்ளி, புள்ளிக்கு நான்கு பைட், ஆக 3 கோடி 48 இலட்சம் பைட். அறுபது பக்கம் என்றால் இரண்டு ஜிகாபைட்டுக்கு மேல். ஆனால் கலெக்டரின் கண்ணுக்குத் தெரிவது அறுபது சின்னஞ்சிறு லிஸ்ப் ஒப்ஜெக்ட், சேர்த்தாலும் சில ஆயிரம் பைட். வீடு சுத்தமாக இருக்கிறது என்று அது பேசாமல் இருந்துவிட்டது, வெளி மெமரி ஊதிக்கொண்டே போனது, கடைசியில் மெஷின் மூச்சுவிட மறந்து நின்றது.

சரி, கலெக்டரை நானே கூப்பிடுகிறேன் என்று கூப்பிட்டேன். அப்போதும் ஒரு பைட் குறையவில்லை. பிறகுதான் பார்த்தேன், ஃபைனலைசராக நான் கொடுத்த லாம்டாவுக்குள், அதாவது பெயரில்லாத குட்டி ஃபங்ஷனுக்குள், அந்த ஒப்ஜெக்டின் பெயரையே எழுதியிருந்தேன். "இது யாருக்கும் தேவையில்லாதபோது கூப்பிடு" என்று சொல்லிவைத்த ஆளே அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பிறகு எப்படித் தேவையில்லாமல் போகும்? பொயின்டரை முதலில் தனியாக எடுத்து, லாம்டாவுக்குள் அதை மட்டும் விட வேண்டும். இது கையேடுகளில் எழுதப்பட்டிருக்கிறது, எல்லாரும் ஒருமுறை விழுந்துதான் படிக்கிறார்கள் போல. இன்னொன்று, ஃபைனலைசர் எந்தத் த்ரெட்டில் (ஒரே புரோகிராமுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற ஓட்டங்களில் எதில்) எப்போது ஓடும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒரே த்ரெட்டிலிருந்துதான் தொடவேண்டும் என்று சொல்கிற சி லைப்ரரிக்கு அது விஷம். இப்போது ஃபைனலைசர் என் கோடில் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. இரண்டிலும் அது இடத்தைக் கொடுத்துவிட்டு "நீ மறந்துவிட்டாய்" என்று லொகில் ஒரு வரி எழுதும். அந்த வரி வந்தால் பிழை என்னுடையது என்று அர்த்தம்.

லிஸ்ப் அரேயையே சி-யிடம் நேரடியாகக் கொடுக்க முடியாதா என்றால், முடியும், கவனமாக. எஸ்.பி.சி.எல்.லின் கலெக்டர் அள்ளுவது மட்டுமில்லை, இருப்பவற்றை இடம் மாற்றியும் அடுக்கும். நீங்கள் விலாசம் கொடுத்து சி வாசித்துக்கொண்டிருக்கும்போது வீடு வேறு தெருவுக்குப் போய்விடலாம். வித்-பொயின்டர்-டு-வெக்டர்-டேட்டா என்ற மேக்ரோ அந்த நேரத்துக்கு மட்டும் அரேயை அசையாமல் பிடித்துவைக்கும். பெரிய படங்களுக்கு ஸ்டாட்டிக்-வெக்டர்ஸ் என்ற தனிப் பொதி இன்னும் நிம்மதி. எஸ்.பி.சி.எல். என்ற பெயரில் உள்ள எஸ்.பி. ஸ்டீல் பாங்க். 1999இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிஸ்ப்பிலிருந்து பிரிந்தது, கார்னகியின் பணம் உருக்கில் வந்தது, மெலனின் பணம் வங்கியில். சம்பந்தமில்லாத தகவல், ஆனால் எனக்குப் பிடித்தது.

சம்பந்தமுள்ள இன்னொன்று. படத்தைச் சிறிதாக்குகிற சி லைப்ரரி நடுவில் நின்று "பூச்சியத்தால் வகுத்தாய்" என்று லிஸ்ப் எர்ரர் காட்டியது. வகுத்தது சி, அழுதது லிஸ்ப். சி-யில் தசம எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் முடிவிலி என்றோ, எண்ணே இல்லை என்றோ ஒரு விடை வந்துவிட்டு ஓட்டம் தொடரும், அந்த லைப்ரரியும் அதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருந்தது. எஸ்.பி.சி.எல். அதைப் பிழையாகப் பிடிக்கும்படி சி.பி.யு.வையே அமைத்துவைத்திருக்கிறது, சி-யைக் கூப்பிடும்போதும் அந்த அமைப்பு அப்படியே இருக்கும். ஃப்ளோட் ட்ராப்பை மறைக்கிற மேக்ரோவுக்குள் அழைப்பைச் சுற்றிவிட்டால் தீரும். இரண்டு நாள் போய்விட்டது. சி.எஃப்.எஃப்.ஐ.யின் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதைப் பெரிய எழுத்தில் போடலாம் என்பது என் முறைப்பாடு.

கோல்பேக், அதாவது சி திரும்ப லிஸ்ப்பைக் கூப்பிடுவது, டெஃப்-கோல்பேக்கால் சுலபம். ஆனால் அதற்குள் எர்ரர் எழுந்து லிஸ்ப் மேலே தாவினால், நடுவில் நின்ற சி ஃபங்ஷன்கள் தங்கள் சாமானைத் திருப்பிக் கொடுக்காமலே கைவிடப்படும். அதனால் கோல்பேக்கின் உள்ளே எல்லா எர்ரரையும் பிடித்து, ஒரு எண்ணாக மாற்றித் திருப்பி அனுப்புகிறேன். ஓடிக்கொண்டிருக்கிற லிஸ்ப்பை அப்படியே ஒரு கோப்பாக, அதாவது இமேஜாக, சேமித்து மறுநாள் திறக்கிற பழக்கம் உள்ளவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: சேமித்த இமேஜுக்குள் பொயின்டர் என்று இருப்பது நேற்றைய விலாசம், இன்று அங்கே வீடில்லை.

ஆக, வாங்கலாமா என்று கேட்டால், காசில்லாத சாமானுக்கு அந்தக் கேள்வி வராது. எடுக்கலாமா என்றால், லிஸ்ப்பில் வேலை செய்கிறவருக்கு வேறு வழி தேடத் தேவையில்லை. எஸ்.பி.சி.எல். மட்டும்தான் பாவிப்பேன் என்பவர் அதன் சொந்த வசதியையே நேரடியாகப் பாவிக்கலாம், வேகத்தில் பெரிய வித்தியாசத்தை நான் காணவில்லை, ஆனால் மற்றவர்கள் எழுதிய கோடைப் படிக்க எப்படியும் சி.எஃப்.எஃப்.ஐ. தெரிந்திருக்க வேண்டும். சி ஒரு நாளும் தொடாதவர் நேரடியாக இதில் இறங்க வேண்டாம். ஒரு மாதம் சி-யில் மலொக்கும், இடத்தைத் திருப்பிக் கொடுக்கிற ஃப்ரீயுமாக அடிபட்டுவிட்டு வந்தால் இதன் அருமை தெரியும். பிரிண்டர் லைப்ரரி தந்த கம்பனிக்கு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு, உங்கள் மொழி எங்கள் ஆதரவுப் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. கேட்டது மொழி பற்றி இல்லை, கொடுத்த எழுத்தை எவ்வளவு நேரம் வைத்திருப்பாய் என்றுதான்.

அதன்பிறகு ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். நான் கூப்பிடுகிற ஒவ்வொரு சி ஃபங்ஷனுக்கும் ஒரு வரி: கொடுத்ததைப் பிரதி செய்கிறதா, விலாசத்தை வைத்துக்கொள்கிறதா, தந்தது யாருடையது, பிரித்துப் போடுவது யார், எந்த ஃபங்ஷனால். சி-யின் தலைப்புக் கோப்பில் எழுதியிருந்தால் நீலப் பேனை, நானாகச் சோதித்துக் கண்டுபிடித்தால் பென்சில், தெரியாவிட்டால் கேள்விக்குறி. ஹார்ஃப்பஸ் பக்கம் முழுக்க நீலம். பிரிண்டர் பக்கத்தில் இன்னும் ஏழு கேள்விக்குறி கிடக்கிறது. அந்த ஏழையும் நான் கூப்பிடுவதில்லை.